முதல் பத்து நிமிஷம்

சாயங்காலப் படத்தில்
முயல் மாவு பிசைந்தது,
சிட்டுகள் துணி காயப்போட்டன,
மஞ்சள் முடிக்காரி பாட்டு மட்டும் பாடினாள்.
வீடு தானாக மினுங்கிற்று.

மறுநாள் ஜெசீமா
ஜன்னல் கொக்கியைக் கழற்றிவிட்டாள்.
கிண்ணத்தில் ஒரு கை பொட்டுக்கடலை
என் பீடிச் சொளவுக்குப் பக்கத்தில்.
"வருவாங்க உம்மா. நீ பேசாமப் படு."

வந்தது ஒரு பெருச்சாளி.
கடலையைத் தின்றது,
ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையில் மோண்டது,
நூல்கண்டைச் சாக்கடை வரைக்கும்
இழுத்துக்கொண்டு போய்விட்டது.
மேலப்பாளையத்து எலிகளுக்கு
அந்தப் பாட்டு தெரியாது போல.

கடையில் அன்றைக்கு ஆறு கட்டைக் கழித்தார்கள்.
இலையை மோந்து பார்த்த கணக்கப்பிள்ளை
என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.
இதை ஜெசீமாவிடம் சொல்ல முடியுமா?
அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து
இன்றைக்கு அணில் வரும் என்றாள்.

எனக்கும் ஒரு கிறுக்கு.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
செல்போன் வெளிச்சத்தில்
எட்டுக் கட்டு சுற்றி அடுக்கினேன்.
கடலையை நானே தின்றேன்,
நாலைந்தை மட்டும் கொறித்து ஓரமாய்ப் போட்டேன்.
விடிந்ததும் ஒரு கூச்சல்!
ட்யூஷன் பிள்ளைகள் அத்தனைக்கும் செய்தி போனது.
ஜன்னலைப் பார்த்துக் கை ஆட்டி
"ரொம்ப தாங்க்ஸ்" என்றாள்.
பதினாலு வருஷமாகப் பீடி சுற்றுகிறேன்.
இந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு தாங்க்ஸ்,
அதுவும் எலிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் வாப்பா கொல்லத்தில் பழக்கடையில் நிற்கிறார்.
பெருநாளைக்கு ராத்திரி ரயிலில்
கழிப்பறைக் கதவோரம் நின்றே வந்தார்,
கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ்.
"குதிரை எங்க வாப்பா?"
"ஜங்ஷன்ல கட்டிப்போட்டுட்டு வந்தேன்"
என்று அவரும் தன் பங்குக்கு.

கரண்ட் போன ஒரு வெள்ளிக்கிழமை.
தூள் நெஞ்சில் ஏறி இருமிக்கொண்டிருந்தேன்.
நோட்டு அட்டையால் எனக்கு விசிறியபடியே கேட்டாள்:
"உம்மா, நீ எப்ப மவுத்தாவ?"

கத்தரிக்கோல் இலையில் நின்றது.
அவள் முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை.
கொக்கிரகுளம் பஸ் எப்போ வரும்
என்று கேட்பது மாதிரிதான்.
"எல்லாப் படத்துலயும்
மொத பத்து நிமிசத்துல உம்மா மவுத்தாயிருவாங்கல்லா?
அப்புறந்தான கதையே தொடங்கும்.
அப்புறந்தான் அவ காட்டுக்குப் போவா,
பேசுத மீனப் பாப்பா."

பார்த்த படங்களை எல்லாம்
மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சரிதான்.
ஒன்றில் உம்மா சுவரில், சட்டத்துக்குள்.
ஒன்றில் பனி பெய்யும் மையவாடியில்.
ஒன்றில் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை.
துணி காயப்போட்ட சிட்டுக்குக்கூட
ஒரு பேர் இருந்தது.

"உனக்கு ஏழு வயசாச்சுளா," என்றேன்.
"பத்து நிமிசம் எப்பவோ தாண்டிப்போச்சு."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப நீ கதையில யாரு?"
பதில் வரவில்லை.
வெட்டிய இலைகளை எண்ணுகிற மாதிரி
எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் ரெண்டு மணிக்கு எழுந்தேன்.
பத்தாவது பீடியில் இருமல் பிடித்தது,
முந்தானையால் பொத்தியும் அடங்கவில்லை.
பாயில் அவள் புரண்டாள்.
கண் திறந்திருந்ததா, தெரியவில்லை.
"யாரு?"
"எலி," என்றேன்.
"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கொஞ்சம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து
ரகசியம் மாதிரி ஒரு குரல்:
"எலி, மெல்ல இருமு.
எங்க உம்மா முழிச்சிருவா."